ஆயுத பூசையன்று ஓடும் மீட்டர்



மின்சாரத்தைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். பாகூர் ஏரிக்குப் பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. என் தாத்தாவுக்கு அந்த ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். ராத்திரி முறை வந்தால் தாத்தா அரிக்கேன் விளக்கோடு மடைக்குப் போவார். எத்தனை மணிக்கு மடை திறந்தது, எத்தனை மணிக்கு அடைத்தார்கள் என்று ஒரு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார். அவர் அதிகம் படித்தவரல்லர். ஆனால், தகராறு என்று வந்துவிட்டால் குரல் உயர்த்தமாட்டார், நோட்டை எடுத்துக்கொண்டு வருவார். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே ஏரிப் பாசனத்துக்கென்று உழவர் சங்கங்கள் இருந்த பகுதி இது. அளந்து குறித்து வைத்தவனுக்குத்தான் நியாயம் கேட்க வாய் உண்டு என்பது இங்கே பழைய பாடம்.

அந்த நோட்டு நம் தொழிற்சாலைகளில் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் தொழில் நடத்தும் ஒருவரைக் கேளுங்கள். போன மாத மின்கட்டணம் எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்வார். அந்த மின்சாரம் எந்த இயந்திரத்துக்குப் போயிற்று, எந்த மணிக்குப் போயிற்று, எந்தத் தரத்தில் வந்தது என்று கேட்டால் பதில் வராது. மாதத்துக்கு 720 மணி நேரம். அதற்குப் பில்லில் இருப்பது மூன்று எண்கள்: யூனிட், உச்சத் தேவை, மின்திறன் காரணி. மாதம் முழுவதும் ஏரியில் பாய்ந்த தண்ணீரைக் கடைசி நாளில் மொத்தமாகச் சொன்னால், எந்த மடை உடைந்தது என்று எப்படித் தெரியும்?

நமக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குச் சொந்தமான மின் உற்பத்தி என்றால் காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம்தான். மற்றதில் பெரும்பகுதி நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் போன்ற மத்திய நிலையங்களில் நமக்கு ஒதுக்கப்பட்ட பங்கு. அது வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள 230 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களுக்கு வந்து, அழுத்தம் படிப்படியாகக் குறைந்து, 22 அல்லது 11 கிலோவோல்ட் பாதையாக உங்கள் வாசலுக்கு வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதிர்வெண்ணே ஒரு கவலை. தென்மண்டல மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸில் நிற்காமல் 49க்குக் கீழேயும் இறங்கும், மோட்டார்கள் மெதுவாகச் சுற்றும். 2003 ஜனவரியில் தென்மண்டலத்துக்கு வந்த புதிய கட்டண முறை அதைப் பெருமளவு சீராக்கியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் பாதை வழியாகத் தென்மண்டலம் நாட்டின் ஒரே தொகுப்போடு இணைந்தது. அத்தோடு அதிர்வெண் பற்றிய கவலை நம்மைப் போன்றவர்களுக்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இனி மிஞ்சியிருக்கும் கோளாறுகள் பெரும்பாலும் உள்ளூர்க் கோளாறுகள். சில நம் தெருவில் இருக்கின்றன, பல நம் ஷெட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு ஆலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. விளக்கு ஒரு கணம் மங்கும், பேனலுக்குள் 'டக்' என்று ரிலே விழும், அவ்வளவுதான். உருகிய பிளாஸ்டிக் பேரலுக்குள்ளேயே இறுகிக் கருகிப்போகும். பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் பித்தளைக் கம்பியால் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கம்பி என்றால் ஸ்க்ரூவில் கீறல் விழும், அதனால் பித்தளை. ஒரு முறை நின்றால் முழுதாய் ஒன்றரை மணி நேரம் போயிற்று. உரிமையாளர் மேசைமேல் மின்துறைக்கு எழுதிய மூன்று பக்கப் புகார் தயாராக இருந்தது. "சார், லைன் சரியில்ல. நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா போதும்" என்றார்.

நான் நான்கு நாள் அவகாசம் கேட்டேன். மெயின் பேனலில் ஒரு மின்தரப் பதிவுக் கருவியைப் பொருத்தினேன். மூன்று பேஸுக்கும் மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் அது ஒவ்வொரு சுழற்சியாகப் பார்த்து, ஏதாவது தவறினால் அந்தக் கணத்தின் அலையையே படமாக எடுத்து நேரத்தோடு வைத்துக்கொள்ளும். அங்கே ஏற்கெனவே ஒரு டிஜிட்டல் மீட்டர் இருந்தது. அது ஏன் எதையும் காட்டவில்லை என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மீட்டர் பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி எழுதுவது. 400 வோல்ட் இரண்டு நொடி 310க்கு இறங்கி மீண்டும் ஏறினால், பத்து நிமிடச் சராசரியில் அது 399.7 என்றுதான் தெரியும். இயந்திரத்தை நிறுத்திய வீழ்ச்சி, ஏட்டில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகக் கரைந்துவிட்டது.

நான்கு நாளில் பதினேழு வீழ்ச்சிகள் பதிவாகியிருந்தன. இனி நான் சொல்வதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் இறங்கும் அதே கணத்தில் உங்கள் மெயினில் மின்னோட்டம் ஏறினால், குற்றவாளி உங்கள் கூரைக்குள் இருக்கிறான். மின்னழுத்தம் இறங்கும்போது மின்னோட்டமும் கூடவே இறங்கினால், கோளாறு வெளியே லைனில். பதினேழில் பதினைந்து முதல் வகை. தண்ணீர் குளிர்விக்கும் சில்லரின் கம்ப்ரசர், தெர்மோஸ்டாட் சொல்லும்போதெல்லாம் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பிக்கொண்டிருந்தது. நேரடியாகக் கிளம்பும் இன்டக்ஷன் மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பேனல் வரை போட்டிருந்த கேபிள் மெல்லியது, நீளமும் அதிகம். விரிவாக்கத்தின்போது இயந்திரத்தைக் கூட்டினார்கள், கேபிளை மாற்றவில்லை.

மீதி இரண்டு வீழ்ச்சிகள் வெளியிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் நொடியில் ஆறில் ஒரு பங்குகூட நீடிக்கவில்லை. உரிமையாளர் மூன்று பக்கப் புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த இரண்டின் தேதி, மணி, நொடி, அலைப்படம் ஆகியவற்றை மட்டும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மின்துறையின் பகுதி அலுவலகத்துக்குப் போனார். இளநிலைப் பொறியாளர் துணைமின் நிலையப் பதிவேட்டைப் புரட்டினார். அதே நிமிடங்களில் பக்கத்து ஃபீடர் டிரிப் ஆகியிருந்தது. ஒரே பஸ்பாரில் தொங்கும் ஃபீடர்களில் ஒன்றில் கிளை உரசினால் மற்றதிலும் அழுத்தம் ஒரு கணம் இறங்கும். அந்த வாரமே லைன்மேன்கள் போய் மரம் வெட்டினார்கள். ஆலையில் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்து, கேபிளை மாற்றினோம். பையன்களின் பித்தளைக் கம்பிக்கு வேலை குறைந்தது.

இதை நான் இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'கரண்டு சரியில்லை' என்பது நம் ஊரில் எல்லோருக்கும் பொதுவான வாசகம். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இந்தத் தேதி, இந்த நொடி, இவ்வளவு வோல்ட் என்று சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கோவா மற்றும் ஒன்றியப் பகுதிகளுக்கான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கும் முன் புதுச்சேரியில் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறது. நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின் குறைகேட்பாளர் இருக்கிறார். இத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன. அங்கே நாம் கோபத்தோடு போகிறோம், பதிவேட்டோடு போவதில்லை.

அடுத்தது கெப்பாசிட்டர் சங்கதி. பாகூர்ப் பக்கம் ஒரு ஆலையில் ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாகக் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. சரக்கு மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை. சரக்கு மட்டமில்லை. மோட்டார்களுக்குப் பவர் ஃபேக்டர், அதாவது மின்திறன் காரணி, குறைவு, அதைச் சரிசெய்யக் கெப்பாசிட்டர் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். 100 கிலோவாட் வேலைக்குப் பவர் ஃபேக்டர் 0.7 என்றால் 143 கே.வி.ஏ. இழுக்க வேண்டும், 0.95 என்றால் 105 போதும். கேபிளில் சூடாகி வீணாவது ஏறக்குறைய பாதியாகக் குறையும். இதுவரை சரி. பிறகு அந்த ஆலைக்காரர் மின்சாரத்தை மிச்சப்படுத்த மோட்டார்களுக்கு வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களைப் போட்டார். அதுவும் நல்ல காரியம்தான். இரண்டு நல்ல காரியங்களும் ஒன்றையொன்று கொன்றன.

டிரைவ் மின்னோட்டத்தைச் சீரான அலையாக இழுக்காது, கொத்துக் கொத்தாக இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் அலைமேல் 250, 350 என்று அதன் மடங்கு அலைகள் ஏறிக்கொள்ளும். இதைத்தான் ஹார்மோனிக்ஸ் என்கிறோம். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் வாசலில் நாகசுரமும் வீட்டில் வீணையும் ஒரே சட்ஜத்தை வாசித்தாலும் நம் காது இரண்டையும் பிரித்தறிகிறதே, அது மேல்சுரங்களால். மிருதங்கத்தின் மேல்சுரங்கள் இசைவாக அமைந்திருப்பதை சர் சி. வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். கருந்திட்டு போட்ட தோலில் மேல்சுரம் வரம். மின் பேனலில் அது சாபம்.

எப்படி என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், மின்மறுப்பு 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குச்சுற்றுத் திறன் 10,000 கே.வி.ஏ. கெப்பாசிட்டர் 200 கேவார். பத்தாயிரத்தை இருநூறால் வகுத்தால் ஐம்பது. அதன் வர்க்கமூலம் ஏழுக்குச் சற்று மேல். அதாவது அந்த டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஏழாம் மடங்கில் ஊஞ்சலாடக் காத்திருக்கின்றன. டிரைவ் அதே ஏழாம் மடங்கில் ஒவ்வொரு சுழற்சியும் ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கெப்பாசிட்டர் உப்பாமல் என்ன செய்யும்? கடைக்காரர் பாவம். மாற்றாக வைக்க வேண்டியது ரியாக்டரோடு கூடிய கெப்பாசிட்டர். ஏழு விழுக்காடு ரியாக்டர் வைத்தால் அதிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஐந்தாம் மடங்கும் ஏழாம் மடங்கும் எட்டாது. இணைப்பு இடத்தில் மின்னழுத்த ஹார்மோனிக்ஸ் மொத்தம் 5 விழுக்காட்டையும், மின்னோட்ட ஹார்மோனிக்ஸ் 8 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையம் 2007இல் விதி வகுத்திருந்தது. தன் ஆலையில் அது எத்தனை என்று அளந்து வைத்திருக்கும் சிறுதொழில்காரரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இடையில் ஒரு எச்சரிக்கை. அளப்பதென்றால் சி.டி., அதாவது கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், மாட்ட வேண்டும். அதிலுள்ள அம்புக்குறி லோடு பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மீட்டர் கன்னாபின்னாவென்று காட்டும். ஒரு பேஸின் சி.டி.யை இன்னொரு பேஸின் மின்னழுத்தத்தோடு இணைத்துவிட்டு மாதக்கணக்கில் தப்பான எண்ணை நம்பிய ஆலைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மெயினில் மின்னோட்டம் ஓடும்போது சி.டி.யின் இரண்டாம் பக்க வயரை ஒருபோதும் திறந்து விடாதீர்கள். அங்கே எழும் அழுத்தம் ஆளைக் கொல்லும். உரிமம் பெற்ற மின்பணியாளர் இல்லாமல் யாரும் பேனலைத் தொட வேண்டாம். தம்பிமார்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

நம் பகுதிக்கென்று சில தனிக் கோளாறுகளும் உண்டு. கிருமாம்பாக்கம் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் வரும் உப்பு இன்சுலேட்டரில் படியும். நல்ல மழை வந்து கழுவும்வரை, பனி விழும் விடியற்காலையில் அந்த உப்பு ஈரமாகி மின்சாரத்தை மேலே கசியவிடும். 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சலையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். புயலுக்குப் பிறகு மின்சாரம் திரும்பி வரும் முதல் மணி நேரம் மோட்டாருக்கு ஆபத்தான நேரம். மூன்றில் ஒரு பேஸ் இல்லாமலே வரலாம், மூன்றும் ஏற்றத்தாழ்வாக வரலாம். மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஒரு விழுக்காடு என்றால், மோட்டாருக்குள் மின்னோட்ட ஏற்றத்தாழ்வு அதைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு வரை போகும். சுற்றுக்கம்பியின் காப்பு, தாங்கும் அளவைவிடப் பத்து டிகிரி கூடுதலாகச் சூடானால் ஆயுள் பாதியாகும். ரீவைண்டிங் கடைக்கு வரும் மோட்டார்களில் பல ஒரே நாளில் எரிந்தவை அல்ல. மாதக்கணக்கில் மெல்ல வெந்தவை.

இதெல்லாம் முதலாளியின் நஷ்டம்தானே என்று தொழிலாளத் தோழர்கள் நினைக்கக் கூடாது. பஞ்சாலைகள் சோறு போட்ட ஊர் புதுச்சேரி. ஏ.எஃப்.டி. ஆலையும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. இன்று வில்லியனூரிலும் பாகூரிலும் நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பவை ஐம்பது பேர், நூறு பேர் வேலை செய்யும் சிறு ஆலைகள். அண்டை மாநிலத்தைவிடக் குறைந்த மின்கட்டணமும் ஒரு காலத்தில் அவற்றை இங்கே இழுத்து வந்தது. இனி அந்தச் சாதகத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. பெரிய ஆலைகளுக்கு 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ்க் கட்டாயத் தணிக்கை உண்டு. சிறியவற்றை யாரும் கேட்பதில்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோவை நூற்பாலைகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று கணக்கு வைப்பார்கள். 1956இல் தொடங்கிய சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் ஆலைகளுக்கு இந்தக் கண்ணைத் திறந்துவிட்டதில் பெரும்பங்கு வகித்தது. மாத யூனிட் கூடியது, குறைந்தது என்று பார்ப்பதில் பயனில்லை. ஆர்டர் கூடினால் யூனிட் கூடத்தான் செய்யும். ஒரு கிலோவுக்கு, ஒரு டஜனுக்கு, ஒரு வார்ப்புக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். எந்த மணிக்குச் செலவாகிறது என்றும் பாருங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023இல் வந்த திருத்தப்படி, வெயில் நேரத்துக் கட்டணம் வழக்கமானதைவிட 20 விழுக்காடாவது குறைய வேண்டும். தொழில், வணிக நுகர்வோருக்கு உச்ச நேரத்தில் 1.2 மடங்குக்குக் குறையக் கூடாது. எந்த வேலையைப் பகலுக்கு நகர்த்தலாம் என்பதை மணிவாரிக் கணக்கு இல்லாதவரால் முடிவுசெய்ய முடியாது. இயந்திரத்துக்கு ஒன்றாகச் சின்ன மீட்டர் வைக்கச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும்.

அதுவும் இப்போது முடியாது என்பவர்களுக்கு, செலவே இல்லாத ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். ஆயுத பூசையன்று எல்லா இயந்திரங்களையும் நிறுத்திக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மாலை போட்ட இயந்திரம் மறுநாள் காலைவரை ஓடாது. அந்த இரவிலும் மீட்டர் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் சும்மா நிற்பதற்கே ஒரு கிலோவாட் அளவில் எடுக்கும், அது இயல்பு. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் போகும் மடை. பெரும்பாலும் யாரோ நிறுத்த மறந்த கம்ப்ரசராக இருக்கும், ஓட்டைக் குழாய்களுக்கு அது ராத்திரி முழுக்கக் காற்று அடைத்துக்கொண்டிருக்கும். ஏழு பார் அழுத்தத்தில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் மூன்று கிலோவாட்டைத் தின்னும். ஒரு நாளைக்கு எழுபது யூனிட்டுக்கு மேல்.

வரும் ஆயுத பூசையன்று பொரி, கடலை கொடுத்து எல்லோரையும் அனுப்பிய பிறகு, வாயிலைப் பூட்டுமுன் மீட்டர் பெட்டிக்குப் போங்கள். அதில் உள்ள எண்ணை, மணியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மறுநாள் காலை முதல் சுவிட்சைப் போடுமுன் இன்னொரு முறை எழுதுங்கள். அந்த நோட்டை என்னிடம் எடுத்து வாருங்கள். எந்த ஆலையாக இருந்தாலும் உட்கார்ந்து சேர்ந்து பார்க்க நான் தயார்.